சொற்கணக்கும் நம் முன்னோர் கண்ட வழிகளும்

எண்ணும் எழுத்தும் மக்களுக்கு இரு கண்கள் என்பது நம் நாட்டார் தொன்றுதொட்டுக் கூறிவரும் மொழியாகும். ஆயின் அவ்விரண்டனுள் எழுத்தைக் கற்பிக்க நாம் கொள்ளும் ஊக்கத்திற் பாதியேனும் எண்ணைக் கற்பிப்பதில் கொள்கின்றோமா என்பது ஐயத்திற்குரியதே. வெலிங்டன், குன்னூர், அரவங்காடு முதலிய இம்மலையூர்களில் வாழும் நம் இல்லத்துச் சிறாரை அழைத்துக் கூட்டல் கேட்டால் கூறுவர்; பெருக்கல் வாய்பாடு கேட்டால் தடையின்றி ஒப்பிப்பர். அதே கூட்டலையும் பெருக்கலையும் ஒரு செய்தியினுள் மறைத்து, "ஒருவன் சந்தைக்குச் சென்றான்" என்று தொடங்கிக் கேட்டால், அவர்களிற் பலர் திகைத்து நிற்பர். இங்ஙனம் சொல்லால் ஒரு நிகழ்ச்சியைக் கூறி, அதனுள் அடங்கிய தொகையை வினவுவதனைச் சொற்கணக்கு என இக்கட்டுரையில் வழங்குவோம். இதற்கு அஞ்சியே கணிதத்தை வெறுத்தோர் பலர். கணிதத்தை வெறுத்தமையால் பின்னாளில் பொருளிழந்தோர் அதனினும் பலர். ஆகவே நம் முன்னோர் இவ்வகைக் கணக்குகளை எவ்வழிகளால் தீர்த்தனர், அவ்வழிகள் யார் கையில் இருந்தன, அவற்றால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பவற்றை ஈண்டு சிறிது ஆராய்வோம்.

முற்காலத்தில் நம் ஊர்களில் கல்வி திண்ணையில் நிகழ்ந்தது. மணலிலே விரலால் எழுதத் தொடங்கிய சிறுவன் பின்னர்ப் பனையோலைக்குச் சென்றான். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிக்கணக்கு என்பவை அவன் படிப்படியாகக் கற்றவை. எண்சுவடியைச் சட்டாம்பிள்ளை ஓதக் கேட்டு ஏனையோர் ஒருமித்து ஓதுவர். அந்தியில் வீடு திரும்புமுன் ஒவ்வொருவனும் முறை சொல்லியாக வேண்டும். 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ இப்பள்ளிகளைக் குறித்து மாவட்டந்தோறும் கணக்கெடுக்கச் செய்தார். நீலகிரியில் உதகை நகரம் உருவாகக் காரணராயிருந்த ஜான் சல்லிவன் அப்போது கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்து, தம் மாவட்டத்தில் எழுநூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் இருப்பதாக அறிக்கை விடுத்தார். மாகாணம் முழுமைக்கும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். மக்கள் தொகையோ 1,28,50,941.

இவ்வெண்களே ஒரு நல்ல சொற்கணக்காகும். வகுத்துப் பார்ப்பின், பள்ளி ஒன்றுக்கு மாணாக்கர் சற்றேறக்குறைய 15 பேர். மக்களில் ஏறத்தாழ 1,000 பேருக்கு ஒரு பள்ளி. மன்றோ 1826-இல் எழுதிய குறிப்பில் இதனோடு நில்லாமல், பள்ளிக்குச் செல்லும் பெண்மக்கள் மிகச் சிலரே ஆதலின், அவர்களை நீக்கினால் 500 பேருக்கு ஒரு பள்ளி எனக் கொள்ளலாம் என்றார். விடை அழகாகத்தான் இருக்கிறது. ஆயின் மக்களிற் பாதியைக் கணக்கினின்று நீக்கிய பின்னரே அவ்வழகு தோன்றுகிறது என்பதை நம் சகோதரிகள் நோக்குவார்களாக. ஒரு கணக்கில் எவை சேர்க்கப்பட்டன, எவை நீக்கப்பட்டன என்று வினவுதலே சொற்கணக்கின் முதற்பாடம்.

நிற்க. அத்திண்ணைகளில் வழங்கிய வழிகளுள் முதலாவது, யாவற்றையும் மிகச் சிறிய அளவாக மாற்றிக்கொள்ளுதல். ஒன்றினை 320 கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி எனப்படும். அரைக்காணி 2 முந்திரி, காணி 4, மா 16, அரைக்கால் 40, கால் 80, அரை 160. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. 16-ம் 4-ம் கூட 20 முந்திரி. அஃதாவது ஒன்றில் 16-இல் ஒரு பங்கு. ரூபாய்க்கு 16 அணா வழங்கிய நாளில் மாகாணி ரூபாய் என்பது ஓர் அணாவேயாம். இப்போது ஒருவன் தன் நிலத்தில் காலை மூத்தவனுக்கும், அரைக்காலை இளையவனுக்கும், மாகாணியைக் கோயிலுக்கும் கொடுத்தான். எஞ்சியது எவ்வளவு என்று கேட்டால், பின்னங்களைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. 80, 40, 20 ஆகிய மூன்றும் கூட 140. 320-இல் 140 போக 180 முந்திரி. அதில் அரைக்கு 160 போக எஞ்சிய 20 மாகாணி. ஆகவே மீதி அரையே மாகாணி. 320 என்னும் எண்ணை நம் முன்னோர் மேற்கொண்டமைக்குக் காரணமும் இதனால் விளங்கும். அதனை ஆறுமுறை பாதியாக்கலாம், ஐந்தாலும் வகுக்கலாம். சந்தையிலும் களத்திலும் வேண்டப்படும் பங்குகள் பெரும்பாலும் அதனுள் முழு எண்ணாக அடங்கிவிடும். 1957-இல் நயாபைசா வந்தபின் இப்பெயர்கள் வழக்கொழிந்தன, வழியோ ஒழியவில்லை. கிலோவைக் கிராமாகவும், மணியை நிமிடமாகவும் மாற்றிக் கணக்கிடும் சிறுமி அந்த முந்திரி வழியையே பின்பற்றுகின்றாள்.

இரண்டாவது வழி, தெரிந்த மூன்றைக் கொண்டு தெரியாத நான்காவதை அறிதல். இதனை வடநூலார் திரைராசிகம் என்பர். கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், அரிசி முதலியவற்றிற்குத் தனித்தனி வழிகள் கூறுவது. தமிழ்நாட்டுத் திண்ணைகளில் ஏடாக வழங்கிய அந்நூல் பின்னர் அச்சேறியது. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தாரும் அதனை 1998-இல் பதிப்பித்துள்ளனர். அதிலுள்ள பலாப்பழக் கணக்கைக் கேளாதார் சிலரே. பழத்தை அறுக்காமலே சுளை எத்தனை என்று அறிய வேண்டின், காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க என்பது அதன் கருத்து. முள் 50 ஆயின் சுளை 60. இவ்விதி எல்லாப் பழத்திற்கும் பொருந்துமா என்பதனைக் குன்னூர்ச் சந்தையில் ஒரு பழம் வாங்கி நம் பிள்ளைகளே எண்ணிப் பார்க்கட்டும். விதியை ஒப்பித்தல் ஒரு கல்வி. விதியைச் சோதித்தல் அதனினும் உயர்ந்த கல்வி.

மூன்றாவது வழி, விடையை நாமே ஒன்றாக வைத்துக்கொண்டு, பின்னர்த் திருத்திக்கொள்ளுதல். கி.பி. 1150-இல் பாஸ்கராசாரியார் இயற்றிய லீலாவதியில் வண்டுக் கணக்கு ஒன்று உண்டு. ஒரு கூட்டத்து வண்டுகளில் ஐந்திலொரு பங்கு ஒரு மரத்தையும், மூன்றிலொரு பங்கு மற்றொரு செடியையும், அவ்விரு பங்குகளின் வேற்றுமையைப் போல் மும்மடங்கு பிறிதொரு செடியையும் நாடிச் செல்ல, ஒரே வண்டு எஞ்சி வானில் திரிந்ததாம். மொத்தம் எத்தனை? ஐந்தாலும் மூன்றாலும் வகுபடும் எண்ணாகிய 30-ஐ வைத்துக்கொள்வோம். ஐந்திலொன்று 6; மூன்றிலொன்று 10; வேற்றுமை 4-இன் மும்மடங்கு 12. கூட்ட 28, எஞ்சியவை 2. நமக்கு வேண்டியதோ 1. எனவே 30-இற் பாதியாகிய 15-ஏ விடை. இவ்வாறு கதையாகக் கணக்குரைக்கும் மரபு பழைமையானது. ஒன்பதாம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட மன்னன் நிருபதுங்கன் காலத்தில் வாழ்ந்த மகாவீராசாரியாரின் கணிதசாரசங்கிரகமும் இத்தகைய கணக்குகள் நிறைந்தது. அது 1912-இல் ரங்காசாரியாரால் சென்னையில் பதிப்பிக்கப்பட்டது.

நான்காவது வழி, எண்களின் ஒழுங்கைக் காணுதல். பசு ஒன்பது, முதற்பசு 1 நாழி, இரண்டாவது 2 நாழி என ஒன்பதாவது 9 நாழி கறக்கும். மூன்று மக்களுக்குப் பசுவும் சமமாக, பாலும் சமமாகப் பங்கிட வேண்டும். தொட்டவுடன் பிரிக்கத் தொடங்குவோன் தவறுவான். முதலில் முழுத்தொகையைக் காண்க. 1-ம் 9-ம் சேர 10, 2-ம் 8-ம் சேர 10, இவ்வாறு நான்கு இணைகள் 40, நடுவில் தனித்து நிற்பது 5, மொத்தம் 45. ஆகவே ஒருவனுக்கு மூன்று பசுவும் 15 நாழியும். அதன்பின் 1, 5, 9 ஒருவனுக்கும், 2, 6, 7 ஒருவனுக்கும், 3, 4, 8 ஒருவனுக்கும் என்பது எளிதில் தோன்றும்.

இவ்வொழுங்கு காணும் ஆற்றலுக்கு நம் நாட்டில் உயர்ந்த எடுத்துக்காட்டு சீனிவாச இராமாநுஜன். 1887-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் கணக்கெழுதும் குமாஸ்தாவாயிருந்து, 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றவர் அவர். அவருடைய குறிப்பேட்டின் முதல் அதிகாரமே மாயச்சதுரங்களைப் பற்றியது. கேம்பிரிட்ஜில் அவர் அடுப்பருகே சமைத்துக்கொண்டிருக்கையில், நண்பர் மகலனோபிஸ் ஓர் ஆங்கிலத் திங்களிதழில் வந்த கணக்கைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என எண்ணிடப்பட்டுள்ளன. ஒருவன் வீட்டிற்கு இடப்புறமுள்ள வீட்டெண்களின் தொகையும் வலப்புறமுள்ளவற்றின் தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குக் கீழ். அவன் வீட்டெண் யாது?

விடை: 288 வீடுகளுள் 204-ஆம் வீடு. இருபுறத்துத் தொகையும் 20,706. இராமாநுஜனோ அவ்வொரு விடையோடு நிற்கவில்லை. எத்தெருவிற்கும் பொருந்தும் விடைகள் யாவற்றையும் தொடர்பின்னம் ஒன்றில் அடக்கி அப்போதே கூறினார். நாம் அவர் போல் கூற இயலாதாயினும், சிறிய தெருவினின்று தொடங்கலாமன்றோ? 8 வீடுள்ள தெருவில் 6-ஆம் வீடு பொருந்தும். 1 முதல் 5 வரை கூட 15, 7-ம் 8-ம் கூட 15. 49 வீடுள்ள தெருவில் 35-ஆம் வீடு பொருந்தும். ஒரே வீடுள்ள தெருவில் அவ்வீடே பொருந்தும். இப்போது 1, 6, 35, 204 என்னும் வரிசையை நோக்குக. 6-ஐ ஆறால் பெருக்கி 1-ஐக் கழிக்க 35; 35-ஐ ஆறால் பெருக்கி 6-ஐக் கழிக்க 204. பெரிய கணக்கை எடுத்தவுடன் எதிர்க்காமல், அதே இனத்துச் சிறிய கணக்கைத் தீர்த்து ஒழுங்கைக் காணும் இம்முறை எல்லா மாணாக்கருக்கும் உரியது.

எனினும் ஒழுங்கு கண்டவுடன் மனம் மயங்குதலும் தீது. ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளிகளை இட்டு, ஒவ்வொரு புள்ளியையும் மற்றவற்றோடு கோட்டால் இணைத்தால், வட்டம் பல பகுதிகளாகும். 2 புள்ளிக்கு 2 பகுதி, 3-க்கு 4, 4-க்கு 8, 5-க்கு மிகுதியாக 16. ஆறாவது புள்ளிக்கு 32 என்று உரைக்காதார் யார்? வரைந்து எண்ணினாலோ 31-க்கு மேல் வாராது. ஆகவே ஒழுங்கு என்பது வழிகாட்டியே. காரணம் கண்டபின்னரே அது உண்மையாகும்.

இங்ஙனம் சிறந்த வழிகள் நம்மிடம் இருந்தும், கல்வி யாவர்க்கும் ஏன் பயன்படவில்லை? திண்ணையில் ஓதியோர் பலர்; ஓதியதன் காரணம் அறிந்தோர் சிலர். மேலும் தாழ்ந்தோர் என ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அத்திண்ணை பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது. மரக்கால் பிடித்தவனும் சுவடி வைத்திருந்தவனும் அளந்ததே நெல்; எழுதியதே நிலம். பரம்பரைக் கர்ணம் பதவி தமிழ்நாட்டில் 1980-இலேதான் ஒழிக்கப்பட்டது.

மேனாட்டார் நம் திண்ணையினின்று கொண்டதும் அதன் புறத்தோற்றத்தையே. 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் தந்தையற்ற பிள்ளைகளுக்கென ஏற்பட்ட பள்ளியின் தலைவர் ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனையும் மாணாக்கரே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையையும் தம் பள்ளியில் கையாண்டார். 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது சென்னை முறை என்னும் பெயரால் இங்கிலாந்தெங்கும் பரவியது. அந்த எழும்பூர்ப் பள்ளி 1870-களின் தொடக்கத்தில், 1858-இல் உதகையில் நிறுவப்பட்ட லாரன்ஸ் பள்ளியோடு இணைந்தது. ஆகவே திண்ணை மணலின் வரலாறு, ஒரு சுற்றுச் சுற்றி, நம் வெலிங்டனுக்கு அண்மையிலுள்ள லவ்டேல் குன்றினையே வந்தடைந்தது. மணலும் சட்டாம்பிள்ளையும் கடல் கடந்தன. முந்திரியும் மாகாணியும் கடக்கவில்லை.

கணக்கறியாமையின் விலையை நம் மலைநாட்டுத் தோட்டங்களைப் போல் அறிந்த இடம் வேறில்லை. மேஸ்திரி கொடுத்த முன்பணத்திற்குக் கட்டுப்பட்டு மலையேறியோர், அம்முன்பணம் எவ்வளவு தீர்ந்தது, எவ்வளவு நின்றது என்பதனை மேஸ்திரியின் புத்தகத்தைக் கொண்டே அறிய வேண்டியவராயிருந்தனர். 1903-இல் ஏற்பட்ட சென்னைத் தோட்டக்காரர் தொழிலாளர் சட்டம் அக்கட்டினை மேலும் இறுக்கியது. இலங்கையிலோ கடன்தொகையைக் குறித்த துண்டு இருந்தாலன்றி ஒரு தோட்டத்தினின்று மற்றொன்றிற்குச் செல்ல இயலாத நிலை இருந்தது. 1921-இல் அத்துண்டு தடைசெய்யப்பட்டது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து தாயகம் திரும்பியோர் பலர் இந்நீலகிரியிலேயே குடியமர்ந்தனர். தம் பெயரால் எழுதப்பட்ட கணக்கைத் தாமே படிக்க இயலாமல் வாழ்நாள் கழித்த முதியோர் இம்மலையில் எத்தனையோ இல்லங்களில் இருந்தனர்.

அது சென்ற காலத்துக் கதை என்று எவரும் எண்ணற்க. தண்டல்காரர் 10,000 ரூபாய்க் கடன் என்று கூறி, 1,500 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருவார். நாள் ஒன்றுக்கு 100 ரூபாயாக 100 நாளில் கட்டிவிட வேண்டும். "வட்டி நூற்றுக்குப் பதினைந்துதானே" என்பார். இதனைச் சொற்கணக்காக ஆராய்க. கைக்கு வந்தது 8,500. அதுவும் நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. நாள்தோறும் குறைந்து வருதலின் சராசரியாக அதிற் பாதியளவே, ஏறத்தாழ 4,250 ரூபாயே, நம்மிடம் நிற்கிறது. அதற்கு 100 நாளில் வட்டி 1,500, நூற்றுக்கு முப்பத்தைந்து. ஓராண்டில் நூறு நாட்கள் மூன்று முறைக்கு மேல் வரும். ஆண்டுக்கு நூற்றுக்கு நூற்றிருபதுக்கும் மேற்பட்ட வட்டி என்பது இதனால் தெளியலாம். இக்கணக்கிற்கு வேண்டியவை கூட்டலும் வகுத்தலுமே. அவை தெரிந்தும் செய்தியைப் படித்துப் பிரிக்கத் தெரியாமையால் குடும்பங்கள் கெடுகின்றன. தேயிலைச் சிறுவிவசாயி பச்சை இலையின் எடை, மழைநாளில் ஈரத்துக்காகக் கழிப்பது, மாத விலை ஆகிய மூன்றையும் சேர்த்துத் தம் வரவைத் தாமே சரிபார்ப்பதும் இதே கல்வியால்தான்.

ஆகவே பெற்றோர் வீட்டில் கடைப்பிடிக்கத்தக்க முறை ஒன்று கூறுவோம். ஹங்கேரி நாட்டில் பிறந்த ஜார்ஜ் போல்யா என்னும் கணித ஆசிரியர் 1945-இல் வெளியிட்ட நூலில் நான்கு படிகள் வகுத்தார்: வினாவை உணர்தல், வழி வகுத்தல், வழிப்படி செய்தல், திரும்பிப் பார்த்தல். இதனை நம் மலைரயிலைக் கொண்டே பயிலலாம். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்திலும் உதகை 2,203 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையே பாதை 46 கிலோமீட்டர். எத்தனை மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் ஏறும்? உயர வேற்றுமை 1,877 மீட்டர். பாதை 46,000 மீட்டர். வகுக்க ஏறத்தாழ 24½. இங்கே நிறுத்துவோர் மூன்று படிகளே ஏறியோராவர். நான்காவது படியில் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். இப்பாதையின் செங்குத்தான இடங்களில் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் என்று சொல்லக் கேட்டிருக்கின்றோமே, இஃது அதற்கு இருமடங்காக அன்றோ வந்தது? கணக்கு பிழையா? இல்லை. நாம் கண்டது முழுப்பாதையின் சராசரி. பல்சக்கரம் கொண்டு ஏறும் கடும் ஏற்றம் கல்லாற்றிற்கும் குன்னூருக்கும் இடையே மட்டும் உள்ளது. வெலிங்டன் வழியாக உதகை செல்லும் மேற்பகுதியில் அது இல்லை. சராசரி என்பது ஏற்றத்தையும் சமத்தையும் ஒன்றாக்கி மறைக்கும் என்பதனை எட்டு வயதுப் பிள்ளையும் இதனால் உணரும்.

பிள்ளை விடை கூறியவுடன் "சரி", "தவறு" என்று தீர்ப்புரைக்காமல், "எப்படிக் கண்டாய்?" என்று வினவுக. வினாவைத் தன் சொல்லால் திரும்பக் கூறச் செய்க. வேண்டாத எண் எது, சொல்லாமல் விட்ட எண் எது என்று கேட்க. படம் வரைய விடுக. தாய்மார் கடைச் சீட்டையும், தந்தையார் சம்பளச் சீட்டையும், பாட்டனார் பழைய படிக்கணக்கையும் பிள்ளைகள் முன் விரித்து வைக்கலாம். பெண்மக்களை இதில் பின்தள்ளலாகாது. அடுப்பங்கரை அளவைகளைத் தாங்குவோர் அவர்களே. சங்கத்து அன்பர்கள் மாதம் ஒருநாள் மாலையில் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து அமர்த்தி, ஒரு சொற்கணக்கை எடுத்து விவாதித்தால், அதற்கு ஆகும் செலவு ஒரு விளக்கும் ஒரு பலகையுமே.

பிறர் எழுதிய கணக்கின் கீழ்க் கைந்நாட்டு வைத்த காலம் நம்மவர்க்கு ஒழிந்தது. அக்கணக்கைப் படித்துப் பார்த்து, "இவ்வெண் எவ்வாறு வந்தது?" என்று அமைதியாகக் கேட்கும் காலம் நம் மக்களுக்கு வருவதாக. அக்கேள்வியைக் கேட்கத் துணிந்த பிள்ளையை எவரும் ஏமாற்ற இயலாது.